மகள் படிக்கும் கல்லூரியின் லோகோவை வீட்டிலேயே டீ-ஷர்ட்டில் ஒட்டிக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. மகள் ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். நவம்பர் கடைசியில் மிச்சிகனோடு நடக்கும் ஃபுட்பால் மேட்சுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். கடையில் லோகோ போட்ட சட்டை எல்லோருக்கும் வாங்கினால் கை கடிக்கிறது. வீட்டில் டிசைனை வெட்டித் தரும் கிரிகட் கட்டிங் மெஷினும், அதைச் சூடாக்கித் துணியில் ஒட்டும் சின்ன ஹீட் பிரஸ்ஸும் இருக்கின்றன. வெற்று டீ-ஷர்ட் வாங்கி, அந்த பிளாக் ஓ லோகோவை, அதாவது பல்கலைக்கழகத்தின் தடித்த ஆங்கில ஓ எழுத்துச் சின்னத்தை, வினைல் என்ற ஒட்டும் தாளில் வெட்டி ஒட்டிக்கொண்டால் சட்டப்படி தப்பா என்பது கேள்வி. அதோடு போகிற போக்கில் இன்னும் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: தோழிகள் சிலர் தங்களுக்கும் வேண்டும், காசு கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள், திருப்பூரில் அண்ணன் இருக்கிறார், மொத்தமாக அங்கேயே அடித்து வாங்கலாமா என்று யோசனை, நீங்கள் வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில் இருக்கிறீர்கள். எனக்கு உங்கள் முதல் கேள்வியைவிட இந்த மூன்றும்தான் முக்கியமாகப் படுகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் டிரேட்மார்க் சட்டம் படித்தவன். சின்னச் சின்ன அச்சுக்கடைகள், ஆன்லைனில் சட்டை, கப், ஸ்டிக்கர் விற்பவர்கள், இவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் பல வருடங்களாக என் தொழில். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. பிள்ளை படிக்கும் காலேஜ் மேல் உள்ள பிரியத்தில் ஆரம்பித்தவர்கள்தான். உங்களைப் போலவே பத்து சட்டையில் தொடங்கியிருப்பார்கள். ஆனால் நான் உங்கள் வழக்கறிஞர் இல்லை. இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்காக, உங்கள் கணவருக்காக, பிள்ளைகளுக்காக நீங்களே செய்து நீங்களே போட்டுக்கொள்ளும் சட்டை. அமெரிக்க டிரேட்மார்க் சட்டம், அதாவது 1946-இல் வந்த லான்ஹாம் சட்டம், தடுப்பது வணிகத்தில் செய்யும் பயன்பாட்டை. ஒரு பொருளை விற்பது, விற்பனைக்கு வைப்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது, இவற்றோடு சேர்த்து அடுத்தவர் முத்திரையைப் பயன்படுத்தி, வாங்குபவரைக் குழப்பக்கூடிய நிலை உண்டானால் அது மீறல். உங்கள் வீட்டு ஹாலில் செய்து, உங்கள் பையனே போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகும் சட்டையில் வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. ஆகவே டிரேட்மார்க் மீறல் என்ற வாதம் அங்கே மிகவும் பலவீனமானது. இந்த அளவில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் 'கவலை வேண்டாம்' என்பதும் 'உங்களுக்கு உரிமை இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. இரண்டு காரணங்கள். ஒன்று, லோகோ ஓவியமாகவும் இருந்தால் டிரேட்மார்க்குக்கு மேல் காப்பிரைட்டும் சேர்ந்து வரும். பிளாக் ஓ வெறும் எழுத்து வடிவம் என்பதால் அதில் காப்பிரைட் வாதம் பெரிதாக எடுபடாது. ஓஹையோ ஸ்டேட் அணியின் அடையாளப் பொம்மையான புரூட்டஸ் பக்கை மாதிரி ஒரு உருவம் அப்படியில்லை. அது வரைந்த சித்திரம். காப்பிரைட் சட்டத்தில் விற்றால்தான் மீறல் என்று எதுவும் கிடையாது, நகலெடுப்பதே உரிமையாளரின் தனி உரிமைக்குள் வருகிறது. நியாயமான பயன்பாடு என்று வாதாடலாம், ஆனால் அது வழக்குக்கு வழக்கு மாறும். இரண்டாவது, பல்கலைக்கழகங்கள் தங்கள் கொள்கையில் எழுதுவது ஒரே மாதிரி இருப்பதில்லை. சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்வதைப் பற்றிச் சில பல்கலைக்கழகங்கள் ஒன்றும் சொல்வதில்லை, சில பரவாயில்லை என்கின்றன, சில விற்றாலும் விற்காவிட்டாலும் அனுமதி வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. அந்தக் கொள்கை சட்டம் அல்ல. பல்கலைக்கழகம் எழுதிவிட்டதாலேயே அது மீறல் ஆகிவிடாது. ஒரே ஒரு சட்டைக்காக யாரும் கோர்ட் ஏற மாட்டார்கள் என்பதால் இந்தக் கேள்வியை நேராகத் தீர்த்துவைக்கும் தீர்ப்பைத் தேடுவதிலும் பயன் இல்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் குடும்பத்துக்கு நீங்களே செய்தால் நடைமுறையில் ஆபத்து இல்லை, டிரேட்மார்க் சட்டமும் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான்.

இப்போது தோழிகள். எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 'லாபம் வைக்கவில்லை, துணிக் காசும் வினைல் காசும் மட்டும்தான் வாங்கினேன்' என்பது நான் அதிகம் கேட்ட வாசகம். லாபம் இல்லாதது உங்களைக் காப்பாற்றாது. காசு கை மாறினால் அது விற்பனை. நஷ்டத்துக்கு விற்றாலும் விற்பனைதான். கோயிலுக்கு நிதி, தமிழ்ப் பள்ளிக்கு நிதி என்று நல்ல காரியத்துக்காக விற்பதற்கும் சட்டத்தில் தனி விலக்கு எதுவும் கிடையாது. இலவசமாகவே கொடுத்தாலும் நூறு பேருக்கு விநியோகித்தால் கேள்வி வரும், ஏனென்றால் சட்டத்தில் விற்பனையோடு விநியோகம் என்ற சொல்லும் இருக்கிறது. தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள் பரிசாக ஒன்று செய்து கொடுப்பதை யாரும் விநியோகம் என்று இழுக்கப் போவதில்லை. வாட்ஸாப் குழுவில் 'யாருக்கெல்லாம் வேண்டும், சைஸ் சொல்லுங்கள், 12 டாலர் அனுப்புங்கள்' என்று போடுவது வேறு. அது ஆர்டர் எடுப்பது. வெளியாள் யாராவது அந்தச் செய்தியைப் படித்தால் அவர் கண்ணுக்கு அது சட்டை வியாபாரமாகத்தான் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி சுலபமானது. தோழிகள் வெற்றுச் சட்டையை அவரவரே வாங்கிக்கொண்டு வரட்டும். ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டில் உட்கார்ந்து, மெஷினை அவர்களே இயக்கி, அவரவர் சட்டையை அவரவரே செய்துகொள்ளட்டும். யாரும் யாருக்கும் விற்கவில்லை. இது கில்லாடித்தனமான சட்ட ஓட்டை இல்லை. உண்மையிலேயே நிலைமை மாறிவிடுகிறது. ஆளுக்கு ஆள் தன் உபயோகத்துக்குத் தானே செய்துகொள்கிறார்.

பல்கலைக்கழகம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது புரிந்தால் எல்லை எங்கே என்பதும் புரியும். ஒரு காலத்தில் இப்படி இல்லை. சாம்பியன் என்ற ஆடை நிறுவனம் 1930களிலிருந்தே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஆடைகளை லைசென்ஸ் என்ற பேச்சே இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. 1975-இல் ஐஸ் ஹாக்கி அணிகளின் எம்பிராய்டரி சின்னங்களைத் தயாரித்து விற்ற டல்லஸ் நிறுவனம் ஒன்றின் மேல் போட்ட வழக்கில், பொருளை விற்க வைப்பதே அந்தச் சின்னம்தான், ஆகவே அதன் பலன் உரிமையாளருக்கே என்று ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் (சர்க்யூட் என்பது சில மாநிலங்களைச் சேர்த்த நீதிமன்ற வட்டாரம்) சொன்னது. அங்கிருந்துதான் காற்று திசை மாறியது. 1981-இல் பில் பேட்டில் என்பவர் காலேஜியேட் லைசென்சிங் கம்பெனியைத் தொடங்கி, பல்கலைக்கழகங்களை ஒன்றாகச் சேர்த்து லைசென்ஸ் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தினார். பிட்ஸ்பர்க் விழித்துக்கொண்டு சாம்பியன் மேல் வழக்குப் போட்டபோது, 1983-இல் மாவட்ட நீதிமன்றம் சாம்பியன் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது: ரசிகன் வாங்குவது அலங்காரத்துக்கு, தயாரித்தது யார் என்று பார்த்து அல்ல என்று. பிறகு இரு தரப்பும் சமரசம் ஆனார்கள்.

அந்தப் பழைய கேள்வி இன்னும் சாகவில்லை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், பழைய காலத்துப் படங்களையும் சின்னங்களையும் சட்டையில் அச்சிட்டு விற்கும் விண்டேஜ் பிராண்ட் என்ற நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், 2022-இல் நீதிபதி மேத்யூ பிரான் இதையே மறுபடி கேட்டார். லோகோ போட்ட சட்டையைப் பார்க்கும் ஒருவர், இதைத் தயாரித்ததோ அனுமதித்ததோ பல்கலைக்கழகம் என்று உண்மையிலேயே நினைக்கிறாரா, அல்லது தன் அணி மேல் உள்ள அன்பைக் காட்டும் படமாக மட்டும் பார்க்கிறாரா என்று. சட்டம் படித்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. என் சொந்தக் கருத்து, அந்தக் கேள்வி நியாயமானது. ரசிகர் சட்டை விஷயத்தில் டிரேட்மார்க் சட்டம் தன் அளவைத் தாண்டி நீண்டுவிட்டது. ஆனால் என் கருத்தை வைத்து நீங்கள் சட்டை விற்க முடியாது. 2024 நவம்பரில் ஜூரி பென் ஸ்டேட் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. இன்றைய தேதியில் காற்று வீசும் பக்கம் அதுதான்.

'லோகோ போடாமல் நிறத்தை மட்டும் போட்டால்?' என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். இங்கே ஓஹையோ ஸ்டேட்டுக்கே நேரடியாகச் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. ஃபுளோரிடாவின் ஸ்மாக் அப்பேரல் என்ற நிறுவனம் லோகோவோ பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரோ இல்லாமல் சட்டை அடித்தது. ஓஹையோ ஸ்டேட் ரசிகருக்கான சட்டையில் அணியின் நிறங்கள் இருந்தன; முன்பக்கம் 'ஏழு இருக்கிறதா?' என்று பொருள்படும் கேள்வி. பின்பக்கம் 'எங்களிடம் இருக்கிறது, ஏழு முறை தேசிய சாம்பியன்' என்ற பதில். ஓஹையோ மாநிலத்தின் வரைபடம், அதில் கொலம்பஸ் நகரத்துக்கு ஒரு குறி. அவ்வளவுதான். லூசியானா ஸ்டேட், ஓக்லஹோமா, தெற்குக் கலிஃபோர்னியா, ஓஹையோ ஸ்டேட் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் காலேஜியேட் லைசென்சிங் கம்பெனியும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2008-இல் ஐந்தாவது சர்க்யூட், பல பத்தாண்டுகளாக மக்கள் மனதில் பதிந்த நிறச் சேர்க்கையும் அதோடு சேர்ந்த மற்றக் குறிப்புகளும் பல்கலைக்கழகத்தையே சுட்டுகின்றன, ஆகவே மீறல்தான் என்று சொல்லிவிட்டது. சட்டையில் ஸ்மாக் தன் சொந்த லோகோவைச் சின்னதாகப் போட்டிருந்தது. அது குழப்பத்தைத் தீர்க்கப் போதாது என்றும் சொன்னது. 'அதிகாரபூர்வமற்றது' என்று சின்ன எழுத்தில் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைக் கேட்டு ஓஹையோ ஸ்டேட்டின் நிறங்களான சிவப்பும் சாம்பலும் போட்டுக்கொள்ளவே பயப்பட வேண்டாம். நிறம் யாருக்கும் சொந்தமில்லை. வெறும் சிவப்புச் சட்டை விற்பதை எந்தப் பல்கலைக்கழகமும் தடுக்க முடியாது. நிறம், ஊர், விளையாட்டு, சாம்பியன் பட்டம் எல்லாவற்றையும் ஒரே சட்டையில் அடுக்கி, அந்த அணியின் ரசிகர் கூட்டத்துக்கு விற்கும்போதுதான் சிக்கல். எத்தனை குறிப்பு சேர்ந்தால் எல்லை தாண்டுகிறது என்பதற்குக் கணக்கு கிடையாது. ஓஹையோ ஐந்தாவது சர்க்யூட்டில் இல்லை, ஆறாவதில் இருக்கிறது. ஸ்மாக் தீர்ப்பு அங்கே கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதும் அல்ல. ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் மேஜையில் வைப்பது அதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு பொய்யை வெட்டிவிட வேண்டும். லோகோவை 30 சதவீதம் மாற்றிவிட்டால் அது நம்முடையது என்று கிராஃப்ட் செய்பவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. சிலர் 20 சதவீதம் என்பார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. கேள்வி எத்தனை சதவீதம் மாறியது என்பது அல்ல, பார்ப்பவர் குழம்புவாரா என்பதுதான். பிளாக் ஓ-வுக்குள் கோலம் வரைந்தாலும் பார்ப்பவருக்கு அது பிளாக் ஓ-வாகத்தான் தெரியும் என்றால் ஒன்றும் மாறவில்லை. எழுத்துச் சொற்களிலும் கவனம் வேண்டும். ஓஹையோ ஸ்டேட் தன் பெயருக்கு முன்னால் அழுத்திச் சொல்லும் 'தி' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லையே டீ-ஷர்ட், தொப்பிக்காக 2022 ஜூனில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துவிட்டது. அது எல்லா இடத்திலும் அந்தச் சொல்லைத் தடுக்காது. விளையாட்டு, கல்லூரி ரசிகர் ஆடைகளைச் சுற்றிய பதிவு. ஆனால் அதே மாதிரி ஆடையில்தான் நீங்கள் கை வைக்கப் போகிறீர்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் 'பன்னிரண்டாவது ஆள்' என்ற தன் வாசகத்தை 1990-இல் பதிவு செய்து, சியாட்டல் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி மேலேயே வழக்குப் போட்டு, லைசென்ஸ் வாங்க வைத்தது. ஒரு சொல் பதிவாகியிருக்கிறதா என்று அமெரிக்கக் காப்புரிமை, டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். ஆடைகள் 25-ஆம் வகுப்பில் வரும். பதிவு இல்லாவிட்டாலும் உரிமை இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விளையாட்டு வீரரின் பெயரையும் நம்பரையும் முதுகில் போடுவது வேறு விஷயம். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், உருவம் இவற்றிலிருந்து சம்பாதிக்கலாம் என்று ஆனது. அதனால் அந்தப் பெயர் இப்போது பல்கலைக்கழகத்தின் கையில் மட்டும் இல்லை, அந்தப் பையனின் கையிலும் இருக்கிறது. விற்கும் சட்டையில் அதைப் போட்டால் இரண்டு பேரின் உரிமையில் கை வைக்கிறீர்கள். உங்கள் சொந்தச் சட்டை என்றால் மேலே சொன்னதேதான்.

அச்சுக்கடைக்குப் போய் லோகோவைக் கொடுத்து அடித்துக்கொள்ளலாமா என்றால், பெரும்பாலான நல்ல கடைகள் மறுத்துவிடும். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். சட்டை உங்களுக்குச் சொந்த உபயோகம், ஆனால் கடைக்கு அது வியாபாரம். காசு வாங்கி அச்சிடுவது அவர்கள். ஸ்கிரீண்ட் என்ற கொலம்பஸ் நிறுவனம் வாடிக்கையாளர் ஏற்றும் படத்தைச் சட்டையில் அடித்துக் கொடுத்தது. நாங்கள் வெறும் அச்சுக்காரர், படம் கொடுத்தது வாடிக்கையாளர் என்ற வாதம் ஓஹையோ ஸ்டேட் போட்ட வழக்கில் 2014-இல் எடுபடவில்லை. ரெட்பபிள் என்ற பெரிய ஆன்லைன் தளத்தின் மேலும் ஓஹையோ ஸ்டேட் போனது. கீழ்க்கோர்ட்டில் தளம் ஜெயித்தது. 2021-இல் ஆறாவது சர்க்யூட் அதைத் திருப்பி, இது வெறும் சந்தை இடம் அல்ல, பொறுப்பு வரக்கூடும் என்று வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் இந்த விஷயத்தில் எவ்வளவு விடாப்பிடியானது என்பது இதிலிருந்தே தெரியும்.

திருப்பூர் யோசனையைக் கைவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், துணியும் அச்சும் அங்கே அருமையாக வரும். ஆனால் பதிவு செய்த டிரேட்மார்க்கை அனுமதியில்லாமல் போட்டு எல்லை தாண்டி வரும் சரக்கைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். பார்சலில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும். 800 டாலருக்குக் கீழே என்றால் வரியில்லை, யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் பழைய கதை. அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றுவிட்டது. அண்ணனே நேரில் வரும்போது பெட்டியில் கொண்டுவந்தால்? பயணி தன் சொந்த உபயோகத்துக்கு, விற்பனைக்கு இல்லாமல், கையோடு கொண்டுவரும் பொருளுக்கு ஒரு சின்ன விலக்கு இருக்கிறது: ஒவ்வொரு வகையிலும் ஒன்று, அதுவும் 30 நாளுக்கு ஒரு முறை. ஒரு டீ-ஷர்ட்டுக்கு அது பொருந்தும். பெட்டி நிறைய பதினைந்து சட்டைக்குப் பொருந்தாது. தேவையில்லாமல் அவரை ஏர்போர்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டாம்.

இனி விசா. இதில் நான் நிபுணன் இல்லை, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் என் தொழிலில் கண்ணில் படுகிற இடம் இது. ஹெச்-4-இல் வேலை அனுமதி அட்டை இல்லாமல் எட்சி என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தில் கடை திறந்து சட்டை விற்பது, லோகோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுமதியில்லாத வேலையாகப் பார்க்கப்படக்கூடியது. சொந்தமாக வரைந்த மயில் படத்துக்கும் அது பொருந்தும். அதோடு, பதிவான முத்திரையை அப்படியே போட்ட சரக்கைத் தெரிந்தே விற்பது போலிச் சரக்குக் கடத்தல் என்ற குற்றவியல் பிரிவுக்குள் போகக்கூடும். அந்தப் பிரிவில் தண்டனை பெறுவதை, குடியேற்ற நிலையைப் பாதிக்கக்கூடிய ஒழுக்கக்கேடான குற்றமாக அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2007-இல் ஒரு வழக்கில் வகைப்படுத்தியிருக்கிறது. நாலு தோழிகளுக்குச் சட்டை செய்தவரை யாரும் குற்றவியல் வழக்கில் இழுக்கப் போவதில்லை. அது குடோன் நிறைய விற்பவர்களுக்கு. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம், சின்ன வாய்ப்புள்ள ஆபத்தைக்கூட இருநூறு டாலர் வருமானத்துக்காக எடுக்கக் கூடாது.

மீறினால் வழக்கமாக என்ன நடக்கும்? பெரும்பாலும் ஆன்லைன் தளம் உங்கள் பக்கத்தை எடுத்துவிடும், அல்லது விற்பதை நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வரும். விற்பதை அன்றே நிறுத்தி, மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகப் பதில் எழுதினால் சின்ன விஷயங்கள் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு பெயரில் கடை திறப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். காரணம், போலிச் சரக்கு என்று ஆகிவிட்டால் உண்மையான நஷ்டத்தை நிரூபிக்காமலேயே, ஒரு முத்திரைக்கு ஒரு வகைப் பொருளுக்கு 1,000 டாலரிலிருந்து 2,00,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தது என்றால் 20 லட்சம் டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். நோட்டீஸ் வந்த பிறகும் விற்றது, வேண்டுமென்றே செய்ததற்கு அவர்கள் கையில் நீங்களே கொடுக்கும் அத்தாட்சி.

முறைப்படி செய்ய நினைத்தால் வழி இருக்கிறது, அது நினைப்பதைவிடச் சுலபம். மகள் வளாகத்தில் ஏதாவது மாணவர் சங்கத்தில் இருக்கிறாளா என்று கேளுங்கள். பதிவு செய்த மாணவர் சங்கங்கள் சில முத்திரைகளைப் பயன்படுத்தப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. டிசைனை முதலில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், லைசென்ஸ் உள்ள அச்சுக்கடையில்தான் அடிக்க வேண்டும். அந்தக் கடைகளின் பட்டியலைப் பல்கலைக்கழகத்தின் லைசென்சிங் அலுவலகத்திடம் கேட்டால் கொடுப்பார்கள். இருபது பேர் சேர்ந்தால் ஒரு சட்டையின் விலை கடை விலையைவிடக் கணிசமாகக் குறையும். உங்களுக்கே விற்கும் ஆசை பின்னால் வந்தால், கைவினைஞர்களுக்கான சிறிய லைசென்ஸ் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. முழு லைசென்ஸ் என்றால் ராயல்டி பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும், பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள். தொழிலாளர் நடத்தை விதிகளும் சேர்ந்து வரும். 1990களின் கடைசியில் தங்கள் கல்லூரிச் சட்டை எந்தத் தொழிற்சாலையில் எந்த நிலைமையில் தைக்கப்படுகிறது என்று மாணவர்கள் போராடியதன் பலன் அது. 2000-இல் பிறந்த தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு இன்றும் அந்தத் தொழிற்சாலைகளைப் பார்த்துவருகிறது. லைசென்ஸ் முறையில் எனக்குக் குறைகள் உண்டு, ஆனால் இந்த ஒரு பகுதியை மனதார மதிக்கிறேன். துணி தைப்பவர்களின் ஊரிலிருந்து வந்த நமக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல.

துணிக்கடையில் லோகோ அச்சிட்ட லைசென்ஸ் துணி மீட்டர் கணக்கில் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரம் சின்ன எழுத்தில் 'வணிக நோக்கமற்ற வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற வகையில் ஒரு வரி ஓடும். அதை வாங்கி உங்கள் பாப்பாவுக்குப் பாவாடையே தைத்துப் போடலாம், ஒரு தடையும் இல்லை. அதற்காகத்தான் அது விற்கப்படுகிறது. லைசென்ஸ் உள்ள ஒட்டு வில்லைகளும் அப்படியே. அந்தத் துணியில் தைத்ததை விற்கலாமா என்பதில்தான் தகராறு. காசு கொடுத்து வாங்கிய அசல் பொருளை மறுபடி விற்க உரிமை உண்டு என்ற கோட்பாடு ஒரு பக்கம் பலமாக நிற்கிறது. வேறு பொருளாக மாற்றி விற்றால் பல்கலைக்கழகமே தயாரித்தது என்று நினைப்பார்கள் என்ற வாதம் மறுபக்கம். நிச்சயம் என்று சொல்ல முடியாத இடம் இது, அதனால் விற்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது. குடும்பத்துக்கு வேண்டியதை வீட்டிலேயே செய்துகொள்வேன். தோழிகளை அழைத்து அவரவர் சட்டையை அவரவர் செய்ய வைப்பேன், காசு வாங்க மாட்டேன். லோகோவுக்குப் பதில் தமிழில் ஏதாவது எழுதலாமே என்றும் சொல்வேன்: சிவப்புச் சட்டையில் சாம்பல் வினைலில் மகளின் பெயரும் 'அம்மா' என்ற சொல்லும் போதும். மிச்சிகன் வாரத்தில் ஓஹையோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் உள்ள ஆங்கில எம் எழுத்தையெல்லாம் சிவப்பு டேப்பால் அடித்து வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நம் மகர வரிசை ஒன்றை மட்டும் அடிக்காமல் விட்டுவைப்பது நல்ல டிசைன். தமிழ் எழுத்தை கிரிகட்டில் வெட்டும்போது கொம்பும் சுழியும் மெல்லியதாக இருந்தால் வினைல் பிய்ந்துவிடும், தடித்த எழுத்துருவாக எடுங்கள், வெட்டுவதற்கு முன் கண்ணாடி பிம்பமாகத் திருப்ப மறக்காதீர்கள். யாராவது மைதானத்தில் நிறுத்தி 'எங்கே வாங்கினீர்கள், எனக்கும் ஒன்று செய்து தருவீர்களா' என்று கேட்டால், செய்முறையைச் சொல்லிக்கொடுங்கள், ஆர்டர் எடுக்காதீர்கள். மகளின் சங்கம் வழியாகச் செய்ய முடிவு செய்தால் லைசென்சிங் அலுவலகத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் மூன்றைச் சொன்னால் போதும்: எந்த முத்திரை, எத்தனை சட்டை, விற்பனையா இல்லையா. டிசைன் படத்தையும் இணைத்துவிடுங்கள். மேட்சுக்குச் சில வாரங்கள் முன்பே அனுப்புங்கள், நவம்பரில் அவர்களுக்கு வேலை குவிந்திருக்கும்.